சிகிச்சைக்குக் காத்திருக்கும் வாரங்களில் உடலைத் தயார்படுத்துவது எப்படி?

புற்றுநோய்தான் என்று பயாப்சி முடிவு வந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. ஸ்கேனுக்குத் தேதி, இதயத்துக்கு எக்கோ, மயக்க மருந்து டாக்டரின் சம்மதம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாக முடிய வேண்டும். இந்த வாரங்களில் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். நேற்று வரை வயலுக்குப் போய் மடை திறந்துவிட்டு வந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறார்கள். "அண்ணாச்சி, நீங்கள் எழுந்திருக்காதீர்கள், என்ன வேண்டுமோ நான் எடுத்துத் தருகிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவார். ஆச்சி செம்பில் தண்ணீர் மொள்ளப் போனால் மருமகள் வாங்கிக்கொள்வாள். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "நன்றாக ரெஸ்ட் எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த அன்பின் மீது கொஞ்சம் கோபம் உண்டு.

காரணம் இருக்கிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் எழுந்து உட்காரவும், கீமோவின் அசதியைத் தாங்கவும், தினமும் கதிர்வீச்சுக்குப் போய் வரவும் தேவைப்படும் தசை அதுதான். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கும் முன்பே வாய்க்காலைத் தூர்வாரி வைக்கிறோம் அல்லவா, இந்த வாரங்களுக்கும் அப்படி ஒரு வேலை உண்டு.

இதில் கிடைக்கும் பலன் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி கட்டியைக் கரைக்காது. கரைக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நுரையீரல், வயிறு ஆகிய பகுதிகளில் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் முன்கூட்டியே பயிற்சி செய்தால், பிறகு வரும் நெஞ்சுச் சளி, நிமோனியா போன்ற சிக்கல்கள் குறைகின்றன. குணப்படுத்தும் நோக்கத்தோடு தரப்படும் கீமோ, கதிர்வீச்சுக் காலத்திலும் நடையும் தசைப் பயிற்சியும் தேவை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சி முடியட்டும் என்று சிகிச்சைத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். பத்து நாள்தான் இருக்கிறதா? பத்து நாள் செய்தால் போதும்.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையானாலும், நாகர்கோவில் பக்கமோ திருவனந்தபுரமோ மதுரையோ போனாலும், புற நோயாளிப் பிரிவில் டாக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யுங்கள், செய்யுங்கள்" என்று பொதுவான பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்.

எலும்புக்குப் பரவியிருக்கிறதா, பரவியிருந்தால் எந்த எலும்பு என்பது முதல் கேள்வி. முதுகெலும்பிலோ தொடை எலும்பிலோ இடுப்பிலோ இருந்தால், கீழே வரும் பயிற்சிகளில் பாதியை விட்டுவிட நேரும். குனிவது, முறுக்குவது, எடை தூக்குவது எல்லாம் டாக்டரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்ட பிறகுதான். அடுத்தது ரத்த எண்ணிக்கை. பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் எடை தூக்கும் பயிற்சியைப் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குள் மெதுவாக நடமாடுவதோடு சரி. இருதய நோய், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள் எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் மூச்சுப் பயிற்சியையும் கேட்காமல் தொடங்க வேண்டாம். கையிலோ மார்பிலோ கீமோவுக்காகக் குழாய் வைத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையால் எவ்வளவு எடை தூக்கலாம் என்பது கடைசிக் கேள்வி.

அந்த மருத்துவமனையிலேயே இயன்முறை மருத்துவப் பிரிவு இருந்தால், "ஒரு முறை அங்கே எழுதிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு.

இன்று உங்கள் உடல் எந்த நிலையில் இருக்கிறது?

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இரண்டு அளவுகளைக் குறித்து வையுங்கள்.

ஒன்று, நாற்காலி. கை வைக்காத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு முழுதாக எழுந்து நின்று, மீண்டும் முழுதாக உட்கார வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று பக்கத்தில் ஒருவர் எண்ணட்டும். 60 முதல் 64 வயது வரை உள்ள ஆண் 14 முறைக்குக் குறைவாகவும் பெண் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் வலு போதாது என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வயது கூடக் கூட அந்த எண்ணும் குறையும். நம் ஊர் முழங்கால்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. இன்றைய எண் ஏழு என்றால் பத்து நாள் கழித்து எட்டோ ஒன்பதோ ஆக வேண்டும், அவ்வளவுதான். கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் "0" என்று எழுதுங்கள். அதுவும் டாக்டருக்குப் பயன்படும் தகவல்.

இரண்டு, நடை. தெருவில் ஆறு நிமிடத்தில் எந்த வீடு வரைக்கும் போக முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றால் அதையும் எழுதுங்கள்.

நடை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. தாராளமாகப் பாட முடிகிறது என்றால் நடை மந்தம். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறது என்றால் வேகம் அதிகம். பழக்கமே இல்லாதவர்கள் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நாளுக்கு மொத்தம் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்பது இலக்கு. அதை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொண்டாலும் குறை ஒன்றும் இல்லை. இலக்கை எட்டாமலே சிகிச்சைத் தேதி வந்துவிட்டால் வருத்தப்படவும் வேண்டாம். 30 நிமிடம் எளிதாகிவிட்டது என்பவர்கள் தூரத்தைக் கூட்டாமல், நடுநடுவே ஒரு நிமிடம் எட்டி நடந்து, அடுத்த இரண்டு நிமிடம் மெதுவாக நடக்கலாம்.

எங்கே நடப்பது என்பது நம் ஊரில் சிறிய கேள்வி இல்லை. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது. டவுனில் இருப்பவர்களுக்கு ரத வீதிகள் உண்டு, ஆனால் கடைகள் திறந்து வண்டிகள் வரத் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். வெயிலும் போக்குவரத்தும் தொல்லை தராத இடம் நெல்லையப்பர் கோயில். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-இல் கட்டியது. மேலே கூரை, கீழே சமதளம், களைத்தால் உட்காரத் தூணடி. நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை. ஆனால் வெறுங்காலோடு நடக்க வேண்டும், கல்தளத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும். பாதத்தில் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அது சரிப்படாது. கீமோ தொடங்கி வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் கூட்டம் சேரும் எந்த இடமும் வேண்டாம், கோயிலும் அதில் அடக்கம்.

கிராமத்தில் குளத்துக்கரை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கரை மேடு பள்ளம், விடியற்காலையில் நாய்கள் வேறு. கையில் கம்பும் கூட ஓர் ஆளும் இருந்தால் போகலாம். இரண்டும் இல்லையென்றால் வீட்டு வாசலிலேயே நடக்கலாம். வளவு வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு நீண்ட முற்றம் இருக்கிறது. தார்சாவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாலும் நடைதான். ஆற்றுப் படித்துறையில் ஏறி இறங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். குறுக்குத்துறையின் பாசிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் புற்றுநோய் சிகிச்சை எத்தனை மாதம் தள்ளிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களில், நுரையீரல் நோயாளிகள் வீட்டுக்குள்ளேயே நடப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

பார்க்க வரும் உறவினர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். உட்கார்ந்து ஆறுதல் சொல்வதற்குப் பதில், "வாருங்கள் மதினி, தெருமுனை வரை நடந்துகொண்டே பேசுவோம்" என்று கூட்டிக்கொண்டு போகலாம். பேச்சும் நடக்கும், பாதி நேரம் நோயைப் பற்றிய பேச்சும் குறையும்.

தசைக்கு வலு

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜிம் தேவையில்லை.

முதல் பயிற்சி, அளவு பார்க்கச் செய்த அதே நாற்காலிப் பயிற்சிதான். இப்போது வேகம் வேண்டாம். எழும்போது வாயால் மூச்சை விடுங்கள், உட்காரும்போது மூக்கால் இழுங்கள். எட்டு முதல் பத்து முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு சுற்று. உட்காரும்போது பொத்தென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். தசை வலுப்பது எழுவதால் மட்டும் இல்லை, அந்த மெதுவான இறக்கத்திலும்தான். முடியாதவர்கள் நாற்காலியின் மேல் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வலு வர வர அதை எடுத்துவிடலாம்.

பிறகு சுவர். ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய், தள்ளி வாருங்கள். அடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ எடை, அதைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டலாம். எல்லாமே எட்டு முதல் பதினைந்து முறை, இரண்டு சுற்று. பதினைந்து முறையும் சிரமமே இல்லாமல் போகிறது என்றால் பாட்டிலை ஒரு லிட்டராக்குங்கள்.

ஒரு விதிதான் உண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே வரும்.

மறுநாள் தொடையும் புஜமும் கொஞ்சம் வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே இடத்தில் குத்துவது, இரவில் படுத்தால் அதிகமாவது இந்த வகையைச் சேர்ந்த வலி இல்லை. அதற்கு டாக்டரிடம் போக வேண்டும்.

மூச்சு

நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். தையல் வலியால் நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமப் பயப்படுவார். நுரையீரலின் அடிப்பகுதியில் காற்று போகாமல் சளி தேங்கும். அங்கிருந்து நிமோனியா வரை அதிக தூரம் இல்லை.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேராவது அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பது போல நிதானமாக உள்ளே இழுங்கள். பந்தை மேலே நிறுத்தி மூன்று எண்ணும் வரை வைத்துவிட்டு, குழாயை எடுத்து மூச்சை விடுங்கள். மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் தூக்கிக் காட்டி மகனிடம் பாராட்டு வாங்க வேண்டியதில்லை. ஒரு பந்து மேலே நின்றாலும், மெதுவாக ஆழமாக இழுத்த மூச்சுதான் பயன் தரும். ஐந்து மூச்சு, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. தலை கிறுகிறுத்தால் நிறுத்துங்கள். கருவி இல்லாதவர்கள் ஒரு கையை வயிற்றில் வைத்து, அந்தக் கை உயரும்படி மூச்சை இழுத்துப் பழகலாம்.

இரண்டு சிறு வேலைகளையும் இப்போதே ஒத்திகை பாருங்கள். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுவது ஒன்று. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாமல், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது இன்னொன்று. தையல் போட்ட பிறகு இவற்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கொடுமை.

பீடி, சிகரெட், புகையிலைக்கும் இங்கேதான் இடம். அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் பலன் நன்றாகத் தெரியும். நாள் குறைவாக இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்து

வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகியவர்கள் நம் பக்கத்தில் ஏராளம், வாய்ப் புற்றுநோயும் அப்படியே. கதிர்வீச்சு முடிந்தபின் தாடைத் தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போவது பெரிய துன்பம். சோறு பிசைந்து ஊட்டக்கூட இடம் இருக்காது. இப்போது உங்கள் வாயில் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முன்பல்லிலிருந்து முன்பல் வரை 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து அளக்கலாம், எத்தனை குச்சி நுழைந்தது என்று நோட்டில் எழுதலாம். வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து பத்து விநாடி நிறுத்தி மூடுவது, தாடையை இடமும் வலமும் நகர்த்துவது, நாக்கை நீட்டுவது, எச்சிலை அழுத்தி விழுங்குவது ஆகியவற்றை நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். ரத்தம் கசிந்தாலோ தாடை எலும்பில் நோய் இருந்தாலோ கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகும் ஆபத்து உண்டு.

மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குத் தோள்தான் கவனிக்க வேண்டிய இடம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் வருடக்கணக்காகப் பீடி சுற்றியவர்கள். மடியில் சொளகு, குனிந்த தலை, இலையை உருட்டி நூல் கட்டும் விரல் மட்டும்தான் அசையும். அவர்களைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொன்னால் பின்தலை சுவரைத் தொடுவதில்லை, ஒரு சாண் முன்னால் நிற்கும். தோள் இரண்டும் உள்ளே மடங்கியிருக்கும், கையை மேலே தூக்கினால் காதுவரைகூடப் போகாது. மார்புக்குக் கரண்ட் வைக்கும்போது, அதாவது கதிர்வீச்சு தரும்போது, மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, கைப்பிடியைப் பிடித்தபடி பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கை போகவில்லை என்றால் சரியான நிலையில் படுக்க வைக்க முடியாமல் சிகிச்சை காத்துக்கிடக்கும்.

அதனால் அறுவைக்கு முன்பே தோளைப் பழக்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படியேறுவது போல மேலே ஏறி, எட்டிய உயரத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கையிலும் செய்து பாருங்கள், எந்தக் கை பின்தங்குகிறது என்று கோடே காட்டிவிடும். தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுவது, இரண்டு தோள்பட்டைகளையும் முதுகின் நடுவே ஒட்டுவது போல இழுத்து ஐந்து எண்ணுவது, சுவரில் சாய்ந்து மோவாயை உள்ளே இழுத்துப் பின்தலையைச் சுவருக்குத் தள்ளுவது ஆகியவை பத்துப் பத்து முறை. பீடி சுற்றுவதை நிறுத்த முடியாத வீடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். அப்படியானால் ஒவ்வொரு கட்டு முடிந்ததும் சொளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து இதை ஒரு முறை செய்யுங்கள். அறுவைக்குப் பின் எந்த நாளிலிருந்து கையைத் தோளுக்கு மேல் தூக்கலாம் என்பதை மட்டும் அறுவை மருத்துவர் சொல்ல வேண்டும், அதுவரை பொறுத்திருங்கள்.

புராஸ்டேட் அறுவைக்குப் போகும் ஆண்களுக்குச் சிறுநீர் கசிவு வரலாம். வாயுவை அடக்குவது போல அடியிடுப்புத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி, பிறகு பத்து எண்ணும் வரை தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் பின்புறத்தையும் சேர்த்து இறுக்காதீர்கள், சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யவும் வேண்டாம். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் அறுவைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.

சாப்பாடு இல்லாமல் தசை இல்லை

"சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று பட்டினி போடும் பேச்சை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் 90 கிராம் வரை. கஞ்சியும் ரசம் சோறும் அந்தக் கணக்கில் பாதியைக்கூட எட்டாது. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம். நம் ஊரின் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நல்ல சாப்பாடு, 50 கிராம் உளுந்தில் 12 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சாளையும் நெத்திலியும் விலையும் குறைவு, சத்தும் அதிகம். சைவ வீடுகளில் சொதியோடு நிறுத்தாமல் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தயிர், பன்னீர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். உளுந்தங்களியும் நல்லதுதான், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருப்பதால் லேகியமும் சூரணமும் இங்கே வீட்டுப் பழக்கம். எதை எடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் கீமோவோடு மோதும், சில ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

பயிற்சியை நிறுத்த வேண்டிய நாட்கள்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று ஓய்வு. நடக்கும்போது நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே உட்கார்ந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அதைத் தைலம் போட்டு உருவவே கூடாது, அன்றே காட்ட வேண்டும். முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். கீமோ தொடங்கிய பிறகு காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது

திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போவது நீண்ட பயணம். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம் என்பதால், பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். ரயிலில் மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு பெட்டி தூரம் நடந்து வரலாம்.

பையில் அந்த நோட்டு, மூன்று பந்துக் கருவி, பின்வார் உள்ள வழுக்காத செருப்பு மூன்றும் இருக்க வேண்டும். நோட்டை வார்டில் உள்ள இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவைக்கு முன் ஆறு நிமிடத்தில் எவ்வளவு நடந்தீர்கள், நாற்காலியில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்பது தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியும். பெரும்பாலான அறுவைகளில் மறுநாளே கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, நாலு அடி நடக்கச் சொல்வார்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து அதைச் செய்யலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். கூட இருக்கும் உறவினர் டியூபையும் சிறுநீர்ப் பையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தால் போதும், தூக்க வேண்டாம். கீமோவுக்குப் போகிறவர்கள் ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அசதி குறைந்ததும் பழைய அளவுக்குத் திரும்பலாம். அடுத்த சுற்றுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மறுபடி எடுங்கள்.